அருளப்பன் சார் பிரிக்காத பழுப்புப் பம்பு

சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். ஆய்வகத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அருளப்பன் சாரின் மனைவி ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. "டீச்சர், சார் போயிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில வண்டியிலயே போயிட்டாரு. நீங்க குடுத்த நீல இன்ஹேலர் பம்பு கையிலயே இருக்கு" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் பார்மசி கல்லூரியில் அவரிடம் மருந்தியல் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அவருடைய பெருமைகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். நான் சிடுமூஞ்சி என்பது கல்லூரிக்கே தெரியும். என்னைக் கிண்டல் செய்ய தைரியம் இருந்தது அவர் ஒருவருக்குத்தான். நான் வள்ளென்று விழுந்தால், "தாயி இன்னைக்கு வெறும் வயித்தோட வந்துருச்சு போல" என்று தன் டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிடுவார். அவரைப் பற்றி இனிப்பாக எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏற்பிகள் பாடத்தை அவர் கரும்பலகையில் நடத்தியதே இல்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பத்துப் பேர் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நிற்க வேண்டும். அதுதான் செல்லின் சுவர். அந்தச் சுவரில் ஒருத்தி மட்டும் ஒரு கையை வெளியே நீட்டியிருப்பாள். அவள்தான் ஏற்பி, மருந்து வந்து தட்டுகிற கதவு. மருந்தாக வருகிறவன் வட்டத்துக்குள் நுழையக் கூடாது, அவள் உள்ளங்கையைத் தொட்டால் போதும். அவள் உடனே உள்ளே நிற்பவன் தோளைத் தட்டுவாள். அவன் அடுத்தவனைத் தட்டுவான். அடுத்தவன் கையில் உள்ள, சேதி எழுதிய துண்டுச் சீட்டுகளை அள்ளி வீசுவான். சீட்டு மேலே விழுந்ததும், நடுவில் கையை இறுக மூடிக்கொண்டு நிற்கும் மூச்சுக்குழாய்த் தசை கையை விரிக்கும். தசை எப்போதும் சார்தான். "மருந்து உள்ள வரவே இல்ல, பாத்தியா அப்பு? வாசல்ல நின்னு ஒரு தட்டு, அம்புட்டுதான். மிச்ச வேலையெல்லாம் உள்ள இருக்கவங்க பாத்துக்கிட்டாங்க" என்பார்.

பிறகு மருந்தை நிறுத்தாமல் தொட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார். செத்த நேரத்தில், அவர் முன்பே சொல்லி வைத்தபடி, ஏற்பிப் பெண் கையை உள்ளே இழுத்துக்கொள்வாள். மருந்து தொட இடமில்லாமல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். சீட்டு விழாது, சார் கையை மூடியபடியே நிற்பார். "ஓயாமத் தட்டுனா செல்லு கதவையே கழட்டி உள்ள வச்சுக்கும்" என்பார். போன வருஷம் அப்படிச் சொல்லி முடித்த கையோடு, வேப்பமரத்துக்குப் பின்னால் போய் சட்டைப் பையிலிருந்த நீலப் பம்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். நான் பார்த்துவிட்டேன். அன்று காலையில் அறையில் வைத்தும் இரண்டு முறை பார்த்திருந்தேன். "சார், இன்னைக்கு இது எத்தனாவது?" என்று கேட்டேன். "என்ன தாயி, வைவா வைக்கிறியா?" என்று வாய்மொழித் தேர்வுக்கு வந்த பையன் மாதிரிக் கேட்டார். எதற்கெடுத்தாலும் சீறுகிற எனக்கு அன்றைக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

பாலசமுத்திரத்தில் நாங்கள் மருத்துவ முகாம் போட்டபோது ராமாத்தாள் என்ற அம்மா வந்திருந்தார். வருஷக்கணக்கில் இழுப்பு. மகள் எங்கள் மாணவி. டாக்டர் இரண்டு பம்பு எழுதிக் கொடுத்திருந்தும் அந்த அம்மா நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழுப்பைத் திருப்பித் தந்தார். "ஏனுங்க, இத இழுத்தா ஒண்ணுமே தெரியறதில்லீங்க. நீலந்தானுங்க உடனே கேக்குது" என்றார். சார் வரிசையில் நின்ற மற்றவர்களையெல்லாம் என்னிடம் தள்ளிவிட்டு, அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, நீலம் கதவத் தட்டுற மருந்து. பழுப்பு செல்லுக்குள்ளயே போயி வீக்கத்த எறக்கும், புதுசா கதவும் செஞ்சு வைக்கச் சொல்லும். அதுக்கு நாள் ஆகும். கதவே இல்லாத வீட்டுல எதத் தட்டுவீக?" அரைமணி நேரம் பேசி, அந்த அம்மாவைப் பழுப்பு எடுக்கச் சம்மதிக்க வைத்தார். இழுத்தபின் வாய் கொப்பளிக்கவும் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அன்று வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை, வரிசை அவ்வளவு நீளம்.

சார் மட்டும் பழுப்பை எடுக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் எடுத்துப் பார்த்தார், தொண்டை கட்டிக்கொண்டது. "வாத்தியானுக்குத் தொண்டை போனா அப்புறம் என்ன தாயி இருக்கு?" என்று நிறுத்திவிட்டார். கொப்பளித்தால் சரியாகும், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு குழாயை மாட்டி இழுத்தால் தொண்டையில் படிவது இன்னும் குறையும். இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் குழாய் என் அலமாரியிலேயே இருந்தது. எடுத்து நீட்டினால் "எனக்கேவா?" என்று கேட்பாரோ என்று விட்டுவிட்டேன். மருந்தியல் வாத்தியார்கள் இரண்டு பேரும், பாடம் தெரிந்திருப்பதே மருந்து எடுத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத ராமாத்தாள்கூட இந்தத் தப்பைச் செய்யவில்லை.

கல்லூரியில் பிள்ளைகள் பழகுகிற மாதிரி மருந்தகத்தின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. டாக்டர் எப்போதோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி நீலப் பம்பை என்னிடம்தான் வாங்குவார். முதலில் ஒரு பம்பு மூன்று மாதம் வந்தது. பிறகு ஒரு மாதம். கடைசியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் என்பதைப் பரீட்சையில் கேட்டால் என் மாணவிகள் ஒரு பக்கம் எழுதுவார்கள்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை அவர் வந்து நின்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீலத்தோடு ஒரு பழுப்பையும் எடுத்து மேசையில் வைத்து, "இதை இப்பவே என் முன்னாடி இழுங்க" என்றேன். "நாளைக்குச் சாணார்பட்டியில தம்பி காட்டுல சோளம் அடிக்கிறாங்க, தூசி பறக்கும். இப்போதைக்கு நீலம் போதும். திங்கக்கிழமையிலேருந்து உன் பழுப்ப எடுக்குறேன், சத்தியமா" என்றார். தூசிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. கோபப்பட்டதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு "வாரேன் தாயி" என்று போனார்.

மறுநாள் சோளம் அடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறார். மூச்சு முட்டியதும் பம்பை எடுத்திருக்கிறார். கேட்கவில்லை. மறுபடியும் அடித்திருக்கிறார். வண்டியில் ஏற்றிய பிறகும் அடித்துக்கொண்டே வந்ததாகத் தம்பி சொன்னார். உள்ளே வீக்கமும் சளியும் அடைத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அவர் அப்படித் தட்டியபோது எத்தனை கதவுகள் மிச்சம் இருந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மட்டும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடக்கத்துக்கு ராமாத்தாள் மகளோடு வந்திருந்தார். ஜெபமாலை சுற்றிய சாரின் கைகளைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "சாருக்கு என்னங்க நோவு?" என்று கேட்டார். உங்களுக்கு இருக்கிற அதே இழுப்புதான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "அப்ப அந்தப் பழுப்ப அவரு எடுக்கலீங்களா?" என்றார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நான் அங்கே நிற்க முடியாமல் கல்லறைச் சுவரோரம் போய் அழுதேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்குப் போனபோது, ஸ்டெல்லா அக்கா அவருடைய பையிலிருந்து அந்தப் பழுப்புப் பம்பை எடுத்து என் கையில் வைத்தார். சீல்கூடப் பிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், எத்தனை பம்பு கொடுத்தேன் என்பது வரைக்கும். கேட்டுவிட்டு, "நீங்க தரலேன்னா கடையில வாங்கியிருப்பாரு. மனசப் போட்டு ஒழப்பாதீங்க டீச்சர்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் கடைக்காரருக்குச் செல்லும் தெரியாது, ஏற்பியும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த என் கையால்தான் கொடுத்தேன்.

போன புதன்கிழமை மூன்றாம் ஆண்டு நாகஜோதி நீலப் பம்பு கேட்டு வந்தாள். போன பம்பு வாங்கி எவ்வளவு நாள் ஆயிற்று என்றேன். "மூணு வாரம் மேடம்." பழுப்பு எடுக்கிறாயா என்றேன். "தொண்டை கட்டுது மேடம், செமினார்ல பேச முடியல" என்றாள். நீலத்தைக் கொடுத்தேன், மூச்சு முட்டுகிறவளுக்கு அதை மறுக்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அலமாரியில் கிடந்த குழாயை எடுத்து அவளுக்கென்று வைத்தேன். இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் என் மேசைக்கு வந்து, என் கண் முன்னால் பழுப்பை இழுத்துவிட்டு, கொப்பளித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டே வருகிறாள். திட்டட்டும்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தச் சீல் பிரிக்காத பம்பு ஒன்றுதான். மேசையில் எதிரிலேயே இருக்கிறது. காலையில் நாகஜோதி கொப்பளிக்கிற சத்தம் கேட்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் காலி நாற்காலியைப் பார்க்கிறேன். என்ன தாயி, வைவா வைக்கிறியா என்று கேட்க ஆளில்லை. ஆமாம் சார், வைக்கிறேன். உங்களுக்கும் வைத்திருக்க வேண்டும்.