வாயில் வராத பெயர்

எங்கள் ஊரில் அவருடைய பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். பயத்தினால் மட்டும் என்று சொல்ல முடியாது, அது ஒரு பழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவருடைய அப்பா மேராக இருந்தவர். கொம்யூன், அதாவது சுற்றுவட்டார ஊர்கள் முழுவதற்கும் அவர்தான் தலைவர். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் அந்த வீடு மேர் வீடுதான், மகன் மேர் வீட்டு ஐயாதான். பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாதது மாதிரி ஊரே ஆணும் பெண்ணுமாக அவர் பெயரைச் சொல்லாமல் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு மரியாதைக்காக அந்தப் பெயரையே வைத்தார்கள். வைத்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. பிள்ளையைத் திட்டவே முடியவில்லை. கடைசியில் அவன் அம்மாவே அவனைக் 'குட்டை' என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

இங்கேயும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வக்கீல்களும் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே யோசிப்பவள்.

எங்கள் ஊரான பூவத்தில், மெயின் ரோட்டில் அப்பாவுக்கு டீக்கடை இருந்தது. முன்னால் அப்பா டீ ஆற்றுவார். பின்னால் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவும் நானும் வடை சுடுவோம். கடையில் பேசுவது எல்லாம் எங்கள் காதில் விழும். நாங்கள் இருப்பது அவர்கள் கண்ணில் படாது. அதனால் ஆண்கள் என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

அக்கா என்னைவிடப் பெரியவள், தைரியம் உள்ளவள். பதினொன்றாவது முடித்துவிட்டு மேர் வீட்டு ஐயாவின் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதப் போனாள். எண்பதுகளின் தொடக்கம் அது. ஐயா கோயில் கமிட்டியில் தலைவர். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர். எந்தக் கட்சி வந்தாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

ஒரு நாள் மதியம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சாக்கு எண்ண வேண்டும் என்று அக்காவைச் சாக்கு அறைக்குக் கூப்பிட்டு அவர் கதவைச் சாத்தினார். அக்கா கத்தியிருக்கிறாள். நெல் அவிக்கும் கொப்பரை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சாக்கு தைக்கிற கோணூசி ஒன்று அவள் கையில் அகப்பட்டது. அதை அவர் மணிக்கட்டில் குத்தினாள். அந்த நேரம் பார்த்து உமி அள்ளும் அம்மா ஒருவர் காலிச் சாக்கு எடுக்கக் கதவைத் தள்ளினார். அக்கா அவரை இடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

ரோட்டோடு நடந்து, நேராகக் கடைக்குப் பின்னால் வந்தாள். ரவிக்கை தோளில் கிழிந்து, நகம் கீறிய காயம் தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "வெளியில சொல்லிடாதடி" என்றார். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நான் போலீஸுக்குப் போறேன். அந்த ஆளு பேரை எழுத வைக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் சிறைக்குப் போவார் என்று அவளும் நினைக்கவில்லை. யாரும் சொல்லாத அந்தப் பெயர், அவர் செய்த காரியத்தின் பக்கத்தில் ஓர் இடத்திலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அப்பா அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

உமி அள்ளும் அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, அவர் உடனே வந்ததுதான் எங்களுக்கு ஆச்சரியம். "பாத்ததைப் பாத்தேன்னு சொல்றதுக்கு என்னா?" என்றார். நானும் அக்காவுக்குத் துணையாகப் போனேன். ஸ்டேஷனில் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பிகளை வரிசையாக ஆணியில் மாட்டியிருந்தார்கள். ரைட்டர் அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பேனாவைத் திறக்காமல் சாட்சி பக்கம் திரும்பினார்.

"கதவைத் தள்ளுனது நீதானா?"

"நாந்தாங்க."

"உள்ள யாரு இருந்தா?"

"இந்தப் பாப்பா இருந்துச்சு. ஐயா இருந்தாங்க."

"எந்த ஐயா?"

"நம்ம ஐயாதாங்க."

"நம்ம ஐயான்னா? நானுந்தான் ஐயா. உள்ள ஒக்காந்துருக்காரே, இன்ஸ்பெக்டரு, அவரும் ஐயாதான். அவரா இருந்தாரு?"

அங்கிருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லும்மா."

"அது வாயில வராதுங்க."

"நான் சொல்றேன் சார், எழுதுங்க" என்று அக்கா இனிஷியலோடு பெயரைச் சொன்னாள். நான் அந்தப் பெயரை ஒரு பெண் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே உடம்பு கூசியது.

"நீ சொல்றது புகாருதாம்மா. சாட்சி என்னா சொல்றாங்கறதுதான் எனக்கு வேணும். சாட்சிக்கு ஆளே தெரியலையே."

"தெரியும்ங்க. பொறந்ததுலேருந்து தெரியும்ங்க" என்றார் அந்த அம்மா.

"அப்ப சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் அப்பாவும் தாத்தாவும் அந்த வீட்டு வயலில் வேலை செய்தவர்கள். அந்தப் பெயரை உச்சரிக்கும் பழக்கமே அந்த நாக்குக்கு இல்லை. ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளில், பெயர் சொல்லப்படாத ஒருவர் என்று எழுதிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்.

இரண்டொரு நாளில் பேப்பரில் வந்துவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் பேப்பர்க் கட்டு இறங்கும். தையல்காரர் ஒருவர் எங்கள் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். நல்ல குரல் அவருக்கு. அன்றைக்கு அவர் அக்காவின் பெயர், வயது, அப்பாவின் டீக்கடை இருக்கும் இடம் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'அழகான இளம்பெண்' என்று இருந்தது. புகார் யார் மேல் என்ற இடத்தில் 'அப்பகுதி பிரமுகர் ஒருவர்' என்று இருந்தது. இப்படிப் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போடக் கூடாது என்று சட்டம் வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேர இன்னும் நாளாயிற்று.

"யாருப்பா அந்த பிரமுகரு?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவருக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும்.

"அவரு கிட்ட நிக்கவே நாம யோசிப்போம். இது ரூமு வரைக்கும் எப்படிப் போச்சு?"

"கோயிலுக்குக் கொடிமரம் செஞ்சு குடுத்த மனுசன்ப்பா. அவருக்கு இது ஒரு கேடா?"

"வுடுங்க, பேப்பருல பேரு வந்துட்டுல்ல. இனிமே சினிமாவுக்குக் கூப்புடுவாங்க."

அப்பா டீ ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் எண்ணெயில் கிடந்த வடையைத் திருப்பிக்கூடப் போடவில்லை. அக்கா தட்டியை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"பிரமுகர் யாருன்னு நான் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டு, பெயரையும் சொன்னாள். "கையில கட்டு போட்டுருக்காரே, அவருதான். போய்ப் பாத்துட்டு வாங்க."

எல்லோரும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள். தையல்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாயி ஆவாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டு போட்டிருந்தது உண்மைதான். கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம், "என்னாங்க ஐயா கையில?" என்று உருகி விசாரித்தார்கள். ஆலை பெல்ட்டில் பட்டுவிட்டது என்றாராம். அக்காவிடம் தோளில் என்ன காயம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

செய்தி அனுப்பியவர் எங்கள் ஊரில் பேப்பர் போடும் ஏஜெண்ட்தான். தினமும் எங்கள் கடையில் டீ குடிப்பவர். அடுத்த தடவை வந்தபோது அக்கா அவரை விடவில்லை.

"ஏன் சார், என் பேரு போட்டீங்க. அவரு பேரு எங்க?"

"அது எப்படிம்மா போட முடியும்? ஒண்ணும் நிரூபணம் ஆவலையே. அவருக்கு ஒரு மானம் இருக்குல்ல?"

"எனக்கு?"

"நீ புகாரு குடுத்தவம்மா. குடுத்தவங்க பேரு வரத்தானே செய்யும்?" அவர் கோபமில்லாமல், ஒரு கணக்கு சொல்லித் தருகிற மாதிரி சொன்னார். அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு கெட்டவர் சொல்லியிருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

"ஸ்டேஷன்ல பேரோட எழுதியிருந்தா நானும் போட்டுருப்பேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் உமி அள்ளும் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாள்.

"ஒரு தடவை சொல்லிப் பாருங்கம்மா."

"வேணாம் பாப்பா, சிரிப்பு வருது."

"சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க."

முதலில் இனிஷியலை மட்டும் சொன்னார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று, ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டு பாதிப் பெயர் சொன்னார். முழுதாக வந்தபோது அவரே பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "சாமி பேருதான், பாப்பா. இதுக்கா இத்தினி நாளு பயந்தோம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாகூடச் சிரித்தார். அந்த வாரம் முழுவதிலும் எங்கள் வீட்டில் சிரித்தது அப்போதுதான்.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் கேட்பதற்கு முன்னாலேயே, "ஆளு யாருன்னு சொல்றேன், எழுதிக்குங்க" என்று அந்த அம்மா பெயரைச் சொன்னார். ஐயா என்று சேர்க்காமல், 'ங்க' போடாமல், எங்கள் அடுப்படியில் சொன்ன மாதிரியே நல்ல சத்தமாக வந்துவிட்டது.

ரைட்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்னாடி, மேர் வூட்டு ஐயாவைப் பேரு சொல்ற? அவ்வளவு திமிராயிட்டா ஒனக்கு?"

"நீங்கதான சார் பேரைக் கேட்டீங்க?" என்றாள் அக்கா.

"அன்னைக்குத் தெரியாத பேரு இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ சொல்லிக்குடுத்து அழைச்சிட்டு வந்துருக்கே. சொல்லிக்குடுத்த சாட்சி செல்லாது, போ."

"சொல்லாதப்ப ஆளு தெரியலன்னீங்க. சொன்னா திமிருங்கறீங்க. எப்படித்தான் சார் சொல்லணும்?"

இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து தலையை நீட்டி, என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ரைட்டர் சொன்னார். அப்பா அக்காவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. சாக்கு அறையைப் பற்றி இல்லை. உமி அள்ளுகிறவள் ஐயாவின் பெயரைச் சொல்லிவிட்டாளாம், அதுவும் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து. அக்காவைப் பற்றிக் கேட்டபோது சிரித்தவர்களுக்கெல்லாம் இப்போது உண்மையாகவே கோபம் வந்தது. அந்த அம்மாவை ஆலையில் நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் நடவுக்கும் அறுப்புக்கும் நண்டலாறு தாண்டி அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் எங்கள் கடையில் நின்று பேசிவிட்டுப் போவார். பேப்பரில் அதன் பிறகு அந்தப் புகாரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஐயா பரிசு கொடுக்கும் படம் வந்தது. அதில் பெயர் சரியாகப் போட்டிருந்தார்கள்.

அக்கா திருமலைராயன்பட்டினத்தில் ஒரு மரைக்காயர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனாள். அவர்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கேயே ஒரு வீட்டில் தங்கிக்கொண்டாள். பூவத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். கல்யாணம் தள்ளிப் போய், பிறகு பேச்சே இல்லாமல் போனது.

போன மாதம் என் வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் மேல் ஒரு பெண் சொன்ன புகாரைப் பற்றி விவாதம். கோட்டுப் போட்ட ஒருவர், "ஏன் இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார்? அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார். அந்த இரண்டு பேரில் ஒரு அம்மாவும் அதையே திருப்பிச் சொன்னார். "அதானே? அன்னைக்கே சொன்னா யாரு வேணாங்கறது?"

நான் பழக்கம்போல எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வந்தேன்.

"எங்க அக்கா அன்னைக்கே சொன்னா" என்றேன்.

"எந்த அக்கா? யாரை?"

பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு, ஐயா போடாமல்.

அந்த அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு, பள்ளிக்கூடம் கட்டுனாங்களே, அவுங்களா? சும்மா இருங்கக்கா. செத்துப்போன பெரியவங்களைப் போயி இப்படியா பேரு சொல்லிப் பேசுவாங்க?"