அத்திபெலேயில் வாங்கிய கம்பி

காரை ஓட்டுவது நான், கார் அவருடையது. எங்கள் வீட்டில் இதற்கு மறுபேச்சு கிடையாது. என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு நிறச் சின்ன டர்போ வண்டி அது. பார்க்கச் சாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் சங்கதி தெரியும். தினமும் அதில்தான் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார். கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரியும் என்று ஆனதும், சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனாலேயே அவர் வாசல் பக்கம் வரவில்லை. சர்ச்சில் பூசைக்கும் வரவில்லை. கெஞ்சினேன். கத்தினேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள், கத்துவது எனக்குப் புதிதில்லை. மனிதர் அசையவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை எடுக்காமலே வைத்தால் பேட்டரி போய்விடும், எனக்குத் துணைக்காவது ஒரு ரவுண்டு வாருங்கள் என்றேன். பேட்டரிக்காக வந்தார், எனக்காக இல்லை. போகட்டும், வந்தாரே.

அல்சூர் ஏரியோரம் திரும்பும்போது, ஏரி வந்துவிட்டதா என்று அவரே கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். வண்டி சாய்ந்த சாய்வில் தெரிந்ததாம். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தார். திருப்பத்தைவிடக் குழியைத்தான் அதிகம் நம்பினார். பெங்களூரில் கடை மாறும், ஒன்வே மாறும், தெருப்பெயர்கூட மாறும். குழி இருந்த இடத்திலேயே இருக்கும். இடது சக்கரம் இறங்கினால் பேக்கரி. வலது இறங்கி, அடுத்த நொடி இடது இறங்கினால் ஒக்கலிபுரம். ஊரே திட்டுகிற குழிகளுக்கு மாதாவிடம் நன்றி சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவர் வீட்டை விட்டு வெளியே வந்தார். அதுவும் நின்றுபோனால் அவரை மறுபடி கட்டிலிலிருந்து எழுப்ப என்னிடம் வேறு வழி இருக்கவில்லை.

போன மழைக்காலத்தில் பின்பக்கம் டக் டக் என்று சத்தம். எனக்குக் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார், ஸ்டெபிலைசர் ராடு போய்விட்டது என்று. கார்ப் பைத்தியங்கள் அதை ஸ்வே பார் என்பார்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் வளைந்த இரும்புக் கம்பி. திருப்பத்தில் வண்டி ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கீழே குனிந்து பார்த்தேன். வளைவுக்குப் பக்கத்தில் இரண்டாக முறிந்திருந்தது.

ஓசூர் போகும் ரோட்டில், அத்திபெலேயில் இந்த மாதிரி வண்டிகளுக்குச் சாமான் விற்று, அங்கேயே மாட்டியும் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். ஓசூர்க்காரர், பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்று கம்பிகளை எடுத்து எங்கள் முன்னால் போட்டார். ஒன்று பழைய வண்டியிலிருந்து கழற்றியது. என் கணவர் அதன் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, துரு அரித்திருக்கிறது, வேண்டாம் என்று தள்ளிவிட்டார். இரண்டாவது, கம்பெனி வண்டியோடு கொடுக்கும் அதே அளவு, புதுசு. மூன்றாவது நல்ல தடிமன்.

"இத போடுங்க மேடம். சக்கத்தா, சூப்பரா இருக்கும். வளைவுல வண்டி தரைய விட்டு அசையாது" என்றார் கடைக்காரர்.

மழையில் பின்பக்கம் வழுக்காதா என்று நான் கேட்டேன். ரேஸ் ஓட்டினால்தான் அந்தப் பயம், இந்தத் தடிமன் ஊருக்குள் ஓட்டுவதற்கு ஏற்றதுதான் என்றார். என் கணவரும் தடித்ததையே போடச் சொன்னார். நான் திருப்பங்களில் வேகம் குறைப்பதில்லையாம், எனக்கு அதுதான் பாதுகாப்பாம். எனக்கும் உள்ளூர ஆசைதான், பொய் சொல்வானேன். கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன், ஓட்டிப் பாருங்கள் என்று மாட்டிக் கொடுத்தார்.

சந்தாபுரம் வரை ஓட்டினேன். அடடா, என்ன வண்டி! ஸ்டியரிங்கைத் திருப்பினால் மறுபேச்சில்லாமல் திரும்பியது. சாய்வு என்பதே இல்லை. சர்வீஸ் ரோட்டில் இறங்கியபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது பக்கமும் சேர்ந்து உதறியது. தடித்த கம்பி ஒரு பக்கத்து அடியை மறுபக்கத்துக்கும் கடத்திவிடுகிறது. எனக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பக்கத்தில் பார்த்தேன். அவர் கதவின் மேல்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எங்க இருக்கோம்?" என்றார்.

வருஷக்கணக்காகத் தினமும் அவரே ஓட்டிய ரோடு அது. எந்தப் பக்கச் சக்கரம் இறங்குகிறது என்றே அவருக்கு இப்போது பிடிபடவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

கம்பியை மாற்றிவிடலாம் என்றேன். கூடவே கூடாது என்றார். நல்ல கம்பி, ஓட்டுகிறவளுக்குப் பிடித்திருக்கிறது, இதுவே இருக்கட்டும் என்றார். இனிமேல் நான் தனியாகவே போய்வரலாமாம், பேட்டரிக்கும் ஆயிற்று, எனக்கும் ஆயிற்றாம். அதைச் சொன்ன அமைதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எனக்காக வண்டிய கெடுக்காத" என்றார்.

"நீங்க இல்லாம எனக்கு எதுக்குங்க இந்த வண்டி? தகரத்த வெச்சு பூஜையா பண்ணப்போறேன்?" என்று கத்திவிட்டு, யூ டர்ன் போட்டேன்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதைக் கொடுத்துவிட்டுச் சாதாரணத்தை வாங்குகிறீர்களே என்றார். காரணத்தைச் சொன்னேன். பேச்சுக்குப் பேர்போன மனிதர், உடனே ஸ்பேனரை எடுத்தார். தடித்த கம்பியைக் கழற்றி, கம்பெனி அளவுக் கம்பியைப் புது ரப்பர் புஷ்ஷோடு மாட்டினார். மாட்டி முடித்ததும் என் கணவரின் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கடைக்காரர் முகம் சுளிக்கவே இல்லை. அவருக்கும் அவர் பிள்ளைகுட்டிகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும் வழியெல்லாம் என் கணவர் வாயைத் திறக்கவில்லை. கோபமா, வருத்தமா தெரியவில்லை. சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டியது, டிராஃபிக்கில் நின்றோம், மறுபடி நகர்ந்தோம். கம்பியை மாற்றியும் பிரயோஜனமில்லை, மனிதர் உள்ளே போய்ப் படுத்துவிடத்தான் போகிறார் என்று பயந்துகொண்டே ஓட்டினேன். அல்சூரில் எங்கள் பக்கம் திரும்பும் இடத்தில், அந்த யோசனையில் குழியைக் கவனிக்கவில்லை. இடது சக்கரம் தொபுக்கென்று இறங்கியது.

"ஏய், பேக்கரி முன்னால குழி இருக்குன்னு எத்தினி வாட்டி சொல்றது? கண்ணு போனது எனக்கா, உனக்கா?"

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றுவரை கண் என்ற வார்த்தையையே அவர் வாயில் எடுத்ததில்லை, என்னையும் எடுக்கவிட்டதில்லை. எனக்கு அழுகை முட்டியது. மாதாவே, நன்றி, நன்றி என்று முணுமுணுத்துக்கொண்டே, அடுத்த குழியில் வண்டியை வேண்டுமென்றே இறக்கினேன், இன்னொரு திட்டு வாங்க.