மலாயாவிலிருந்து படிக்க வந்த கஸ்பார் அண்ணன்

கஸ்பார் அண்ணன் மலாயாவிலிருந்து எங்கள் ஊருக்குப் படிக்க வந்தவர். இன்று ஊரில் அவரைப் பற்றி விசாரித்தால் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "பெரியநாயகம் மவனா? மேட்டுக்காட்டுல ஏரோட்டிக்கிட்டு இருப்பான், போய்ப் பாருங்க" என்பார்கள்.

1970 ஜூன் மாதம் அவர் மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினார். அழைத்துவர நானும் என் அப்பா சவுரியப்பனும் போயிருந்தோம். பெரியநாயகம் என் அப்பாவின் அண்ணன். இளவயதில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர், அங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டார். அங்கே அவருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. வேலை பெர்மிட் முடிந்தால் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மகனை முன்னால் அனுப்பினார். மகன் தர்மபுரியில் கல்லூரியில் சேர வேண்டும். பெர்மிட் முடிந்ததும் தானும் வந்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பௌதிகம் படிக்க வேண்டும் என்று வந்திருந்தார். அந்த வருடம் நானும் பி.யு.சி.க்கு விண்ணப்பம் போட்டேன். ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். கடத்தூர் சந்தையில் ஒருவர் அவரை நிறுத்தி, "மலாயாவுல கொரங்கு மரமேறித் தேங்கா பறிக்குமாமே, நெசமா?" என்று கேட்டார். "பறிக்கும்ங்க. ஆனா காலேஜ்ல சீட்டு கேக்காது" என்றார் அண்ணன். சந்தையே சிரித்தது.

அவருடைய மதிப்பெண்கள் என்னுடையதைவிட நல்லவை. ஆனால், பூர்வீகம் இந்த ஊர்தான் என்று ஒரு சான்று கல்லூரியில் கேட்டார்கள். மணியக்காரர் எழுதித் தந்தால் தாசில்தார் முத்திரை போடுவார். மணியக்காரருக்குப் பங்காளி ஒருவர் வந்து வாயால் சொன்னால் போதும். "நானே வந்து சொல்றேன்டா, இதென்ன பெரிய காரியம்" என்று அப்பா சொன்னார்.

அன்று சாப்பிடும்போது அம்மா அவருக்கு இன்னொரு உருண்டை களி வைத்தாள். அண்ணன் சந்தோஷத்தில் சொன்னார்: "அப்பா வந்ததும் மேட்டுக்காட்டுல அவரு பங்குல ஒரு வூடு கட்டணும்னு சொல்லியிருக்காரு சித்தப்பா."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். முப்பது வருடமாக இரண்டு பங்கையும் அவர்தான் உழுதுகொண்டிருந்தார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவிலிருந்து கடிதம் நின்றுபோனது. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனதில் பெரியநாயகம் செத்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். மாதா கோயிலில் துக்கமணி அடித்து, பூசை வைத்து, ஊருக்குச் சாப்பாடும் போட்டார்கள். சண்டை முடிந்தபின் அவரிடமிருந்தே கடிதம் வந்தது. உயிரோடிருப்பவனைச் செத்தான் என்று சொன்னால் அவனுக்கு ஆயுசு கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவரைப் பெற்றவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தான் சாகிற வரைக்கும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இறந்தோர் பெயர்களோடு மகன் பெயரையும் கொடுத்தாள். மாறி மாறி வந்த சாமியார்களுக்கு இது தெரியாது. அவள் போன பிறகும் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மணியக்காரர் வெங்கடாசலம் வீட்டுக்கு மூன்று பேரும் போனோம்.

"ஏஞ் சவுரி, இந்தப் பையன் உங்கண்ணன் மவன்தானா?"

அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்கண்ணன் ஜப்பான்காரன் காலத்துலயே செத்துட்டானுங்க. மணியடிச்சது ஊருக்கே தெரியும். வருசா வருசம் கோயில்ல பேரு வாசிக்கிறாங்க. சாமியாரைக் கேட்டுப் பாருங்க."

அண்ணன் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "சித்தப்பா, அப்பா போன மாசம்கூட உங்களுக்கு லெட்டர் போட்டாரே!"

"ஆரோ போடறாங்க. எழுதுனது ஆருன்னு கண்டுபுடிக்க நான் என்ன படிச்சவனா?"

மணியக்காரர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்பறம் எதுக்குய்யா ஸ்டேசன் வரைக்கும் போயிக் கூட்டியாந்த?"

"தேடி வந்தவனைத் தெருவுல வுடலாங்களா?"

மணியக்காரருக்கு உண்மை தெரியாமல் இல்லை. ஆனால், "தம்பி, செத்தவனுக்குப் பொறந்தவன்னு நான் எழுதிக் குடுத்தா எம் மணியம் போயிரும்" என்று எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் அப்பா சாதாரணமாகப் பேசினார். "மேட்டுக்காடு வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு கஸ்பாரு. நாளைக்கே வந்து நீதான் எங்கண்ணன் மவன்னு சொல்றேன்."

"அது அப்பாவோடதுங்க. நான் எப்படி எழுதிக் குடுக்க முடியும்?"

"அப்ப படிக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். பெற்ற தகப்பனைப் பார்த்து இது பாவம் என்றேன். அப்பா கோபப்படவில்லை. "பாவம்தான். நாளைக்கு நீ காலேஜுக்குப் போறது எந்தக் காடு வெளைஞ்சுன்னு நெனச்ச?" என்றார். இதற்குப் பதிலைத்தான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் கடந்துபோனது. நான் சேர்ந்தேன். அண்ணன் மொரப்பூருக்குப் போய் ஒரு புளி மண்டியில் வேலைக்கு நின்றார். சிவன் கோயில் தெரு, ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர் விண்ணப்பமே போடவில்லை.

1972இல் பெர்மிட் முடிந்து பெரியப்பா கப்பலேறி வந்தார். "செத்தவரு வந்துட்டாரு" என்று ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. அப்பா ஓடிப்போய் அண்ணனைக் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது பொய்யில்லை. உயிரோடு வந்து நிற்கிறவரிடம் பங்கு இல்லை என்று சொல்ல முடியாததால், பெரியவர்கள் உட்கார்ந்து மேட்டுக்காட்டில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார்கள். கிணறு எங்கள் பாதியில் நின்றுவிட்டது. அப்பா மனம் வைத்து விட்டால்தான் அவர்களுக்குத் தண்ணீர்.

கஸ்பார் அண்ணன் மண்டி வேலையை விட்டு வந்து ஏர் பிடித்தார். அதற்குமுன் அவர் ஏரைத் தொட்டதுகூட இல்லை.

1974இல் நான் பி.ஏ. தேறினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். சொல்லிவிட்டு வரலாம் என்று மேட்டுக்காட்டுக்குப் போனேன். பெரியப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ராகி விதைக்க உழுதுகொண்டிருந்தார். பெரியப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"பாருடா. எந் தம்பி இங்க களியைத் தின்னுட்டுப் புள்ளையப் படிக்க வெச்சுட்டான். நான் உன்னைக் கப்பலேத்தி அனுப்புனேன். மார்க்கு பத்தலன்னு எழுதிட்டியே. இதுக்குத்தானாடா அனுப்புனேன்?"

மார்க் பத்தவில்லை என்றுதான் அண்ணன் தகப்பனுக்கு எழுதியிருந்தார் என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

"பெரியப்பா..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் மாட்டை நிறுத்திவிட்டு என்னருகில் வந்தார். பெரியப்பாவுக்குக் கேட்காதபடி, "நாளைக்கு எங்களுக்குத் தண்ணி முறை, தம்பி" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் மேழியைப் பிடித்தார்.

பெரியப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், என்ன சொல்ல வந்தேன் என்று. "ஒண்ணுமில்லீங்க பெரியப்பா, பட்டமளிப்புக்கு மெட்ராஸ் போவணும்" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "போயிட்டு வாடா. எங்களுக்குத்தான் குடுத்து வெக்கல" என்றார்.