பிரிக்க முடியாத காற்சட்டை

என்னைவிட இளைய பிள்ளைகள் துப்பாக்கி தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன வருடத்தில், நான் ஒரு காற்சட்டைக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்ள இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதுவும் நானே வலியப் போய், அளவு கொடுத்து, தையல்காரரின் உயிரை வாங்கித் தைப்பித்த காற்சட்டை.

அப்போது உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தேன். முப்பதை நெருங்கிய வயது, கொக்கின் கால்கள். மாத்தளை பஸ் நிலையத்தில் தம்புள்ளை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் ஜீன்ஸ்தான் என்னைக் கெடுத்தது. அவன் குந்தியிருந்தான். நான் பின்னால் நின்று அவனுடைய பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆசிரியர் ஒருவர் பொது இடத்தில் செய்கிற காரியமல்ல. ஆனால் அந்த இரட்டை மஞ்சள் தையலும், பை மூலைகளில் பதித்த செம்புக் குமிழ்களும், முழங்காலில் மட்டும் வெளுத்துப்போன நீலமும் என்னை நகரவிடவில்லை. என் கால்கள் போகாத ஊருக்கெல்லாம் அந்தத் துணி போய் வந்திருந்தது.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைகளுக்கு வராத காலம். ஆகவே கருநீல ட்ரில் துணியைத் தேடிப் பிடித்து, மாத்தளைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த முஸ்லிம் தையல்காரரிடம் போனேன்; எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். சாதாரணத் தையல் ஆகாது என்றேன். இரண்டு துண்டுகளின் ஓரங்களையும் கை கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே இரண்டு வரிசை ஓடவேண்டும். அப்படி மடித்தபோது தொடைச் சந்தியில் துணி தடித்துப்போய் ஊசிகள் முறிந்தன. நானா அந்த இடத்தைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கினார். மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு குத்தாக இறக்கினார். குமிழ்களைத் தோல் பெட்டி திருத்துகிறவரிடம் வாங்கி அறைந்தோம். முன்பைக்குள் இன்னொரு குட்டிப் பையும் வேண்டும் என்றபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மாஸ்டர், இதுக்குள்ள என்னத்த வெக்கிற?”

சங்கிலி மணிக்கூடு வைப்பார்கள் என்றேன்.

“ஒங்கள்ட்ட சங்கிலி மணிக்கூடு ஈக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப பையத் தச்சிட்டு மணிக்கூடு வாங்கப் போறீங்க. நல்லம்.”

சில வாரங்கள் நான் உக்குவளையின் அழகனாக நடமாடினேன். பிறகு எழுபத்தோராம் ஆண்டு ஏப்ரல் வந்தது. பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன, ஊரடங்குச் சட்டம் விழுந்தது, றோட்டில் ஆமி ஜீப்பைத் தவிர வேறு வண்டியில்லை. அதற்குப் பின்னால் அந்தச் செய்தி வந்தது. கிளர்ச்சிக்காரப் பையன்கள் போட்டிருந்தது நீல உடுப்பு. நீலக் காற்சட்டை அகப்பட்டால் அந்த வீட்டு இளைஞனை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏற்றப்பட்ட எல்லோரும் திரும்பி வரவில்லை.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் வேலைக்குப் போன இடத்தில், றத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில், ஊரடங்கில் அகப்பட்டுக்கொண்டார். எரித்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“எரி. இந்தத் தடிச்ச துணி ரெண்டு நாளைக்குப் புகையும். ஜீப்புல போறவன் மோப்பம் புடிச்சுக்கிட்டு நேரா இங்கதான் வருவான்.”

பிரிப்பது என்று முடிவானது. மற்றக் காற்சட்டை என்றால் ஒரு நூலை வெட்டி இழுத்தால் கழன்று விழும். இதில் ஒரு வரிசையை வெட்டினால் மற்றது பிடித்துக்கொண்டது. இரண்டையும் வெட்டினாலும் மடிந்த ஓரங்கள் ஒன்றையொன்று விடவில்லை. சவர அலகு வழுக்கி என் விரலைத்தான் வெட்டியது. சுரங்கத்தில் வேலை செய்கிறவனின் உடுப்பு கிழியாமலிருக்கக் கண்டுபிடித்த தையல் இது என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் கால்களை அக்கா துண்டு துண்டாக வெட்டினாள். குமிழ் பதித்த இடுப்பு எதற்கும் மசியாததால் அதை முழுதாக, வெட்டிய துண்டுகளோடு சேர்த்து, கொக்கோ மரத்தடியில் புதைத்தேன்.

குளிக்கப் போனபோதுதான் இன்னொன்றைக் கண்டேன். வியர்வையில் சாயம் இறங்கி, என் தொடைகள் இரண்டும் நீலமாக இருந்தன. தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல் சிவந்தது. நீலம் போகவில்லை.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: யாருக்கு நீலத்தில் தைத்தாய் என்று தையல்காரர்களைப் பிடித்து விசாரிக்கிறார்களாம். நானாவையும் ஜீப்பில் கொண்டுபோய்விட்டார்களாம்.

துணியைப் புதைத்துவிட்டேன். நானாவின் வாயை எங்கே புதைப்பது? அவர் என் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டினேன். சொல்லாமலிருந்தால் அவரை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும், சொல்லிவிடட்டும் என்று வேண்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றில் நீலத் தொடை சின்ன விஷயம்.

ஒரு பகல் ஜீப் எங்கள் வாசலிலேயே நின்றது. கதவுக்குப் பின்னால் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன், சாரத்துக்கு வெளியே சாயம் தெரிந்துவிடும் என்கிற மாதிரி. அக்கா வெளியே போய்ச் சிங்களத்தில் பேசினாள். உள்ளே வந்து வாளியை எடுத்தாள். ஜீப் கொதித்துவிட்டதாம், தண்ணீர் வேண்டுமாம். அவள் போய்க் கொடுத்துவிட்டு வரும்வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

ஊரடங்கைப் பகலில் தளர்த்தியதும் மாத்தளைக்கு ஓடினேன். நானா கடையில் இருந்தார். தாடி வளர்ந்து, இளைத்து, யாருடைய சட்டைக்கோ கொலர் வைத்துக்கொண்டிருந்தார். எனக்காக வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டீர்களே, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை மெதுவாக விடுவித்து, ஊசியில் நூலைக் கோத்தார்.

“ஒங்கட பேரத்தான் மாஸ்டர் மொதல்ல சொன்னேன். அங்க நிண்ட பொலிஸ் சார்ஜனுக்கு ஒங்களத் தெரியும். சிரிச்சிட்டாரு. ‘அவரா? அவர விடு, வேற ஆளச் சொல்லு’ண்டாரு.”