பெட்டிப் பணத்தில் கட்டிய பல்

ஸ்ரீவில்லிபுத்தூர் சவப்பெட்டிக் கடை ஆசாரி, இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தனக்கென்று முன்பணம் கட்டிவிட்டுப் போனவர் யாரும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. வருவது அவர்களுடைய ஆட்கள்தான்.

அண்ணாச்சி எனக்கு உறவில்லை. ராஜபாளையத்தில் நான் பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்து அறைக்காரர். மில் வேலையில் ஓய்ந்தவர், பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்த அன்று பெட்டி வாங்கச் சர்ச் சபையார் வீடு வீடாக வசூல் செய்தார்கள். அது அவர் மனதை விட்டுப் போகவில்லை. தன் பெட்டிக்குத் தானே சிறுகச் சேர்த்து ஆசாரியிடம் கட்டிவிட்டார். வயிற்றுக்கு முன்னால் குழியை நினைக்கிற ஆள்.

அதற்குள் பற்கள் போயின. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆடியதையெல்லாம் காசில்லாமல் பிடுங்கிவிட்டார்கள். கட்டுவதற்கு வெளியே போனால், சொன்ன தொகை பென்ஷனுக்கு எட்டவில்லை. கஞ்சியும் கரைத்த சோறுமாக ஓட்டினார். நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆள் இளைத்திருந்தார். “இப்படியே போனா பெட்டியில பாதி காலியாத்தான் கெடக்கும்” என்றேன் ஒருநாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, சட்டையை மாட்டியபடி வந்து நின்றார். “ஏலே, வில்லிபுத்தூர் வரைக்கும் கூட வா.”

ஆசாரி தலையை ஆட்டினார். “பெட்டிக்குக் குடுத்ததத் திருப்பி வாங்கப்படாது அண்ணாச்சி. பலகையெல்லாம் எடுத்து வச்சாச்சு.”

“அத அவசரக்காரன் எவனுக்காச்சும் அடிச்சுக் குடு. நான் மெதுவா வாரேன்.”

“நாளைக்கே ஒண்ணு ஆயிட்டா? பல்லக் கட்டிக்கிட்டுப் பாயிலயா போவீக?”

அண்ணாச்சி என்னைக் காட்டினார். “இவன் பாத்துக்கிடுவான்.”

“இவனா? பையும் கையுமா நிக்கான். இன்னைக்கே ஓடிப்போற ஆளு மாதிரில்லா இருக்கு!”

“பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் யாருக்கும் எதற்கும் பொறுப்பு ஏற்றதில்லை. ஆசாரி முணுமுணுத்தபடி பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

பல் செட் முதலில் ஈறைப் புண்ணாக்கியது. நாலு நாள் கழற்றி வைத்துத் திட்டினார். பிறகு பழகி, வேர்க்கடலை வரைக்கும் வந்துவிட்டார். முகத்தில் சதை பிடித்ததும் என் கால் அரிக்க ஆரம்பித்தது. கிளம்பிவிட்டேன்.

இப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். திருப்பூர், ஓசூர், கிடைத்த வேலை. என் பையின் உள்ளறையில் அவர் பெட்டிக்கென்று நான் கூலியில் சேர்த்த பணம் தனியாக இருக்கிறது. பட்டினி கிடந்தபோதும் அதைத் தொட்டதில்லை. போன் செய்தால் எதையாவது மென்றுகொண்டே பேசுகிறார். “எங்கிட்டு இருக்க?” என்பார். “பக்கத்துலதான்” என்பேன். முன்பெல்லாம் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுவேன், அது எங்கே போகிறது என்றுகூடக் கேட்கமாட்டேன். இப்போது படியில் கால் வைக்குமுன் கண்டக்டரைக் கேட்கிறேன்: “அங்கருந்து ராஜபாளையத்துக்கு உடனே பஸ் கெடைக்குமா?”