மூன்று பேர் நிற்கும் படம்

நான் நன்றாகப் படம் எடுப்பேன் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். படத்தில் நிற்கக் கூச்சப்பட்டுத்தான் நான் யாருடைய கைப்பேசியையாவது கையில் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் "எல்லாரும் வாங்க, வாங்க" என்று கூப்பிடும்போது எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்றே தெரியாது. படம் எடுக்கிறவளை மட்டும் யாரும் இழுத்துக்கொண்டு போய் நிற்க வைக்க மாட்டார்கள். அப்படித் தொடங்கிய பழக்கம் இது.

நான் படித்தது ஐந்தாம் பாரம் வரை. மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. விளக்குக்கு முன்னால் கையுறையை விரித்துப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற பகுதி. அதனாலோ என்னவோ, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது பழகிவிட்டது. புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வதும் அதுதான். ஆளைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். அதற்கும் முன்னால் கைப்பேசியின் கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். நம் வீட்டு விசேஷங்களில் கை சும்மா இருப்பதில்லை. விபூதி, எண்ணெய், கோழிக்கறிக் குழம்பு எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் போய் ஒட்டும். படம் பனி மூடியதுபோல வந்தால் உடனே புதுக் கைப்பேசி வாங்க ஓட வேண்டாம்.

நான் அதிகம் படம் எடுத்தது என் அக்காவைத்தான். அவள் என்னைவிட நிறைய மூத்தவள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அவள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போய்க்கொண்டிருந்தாள். வெயில் குடித்த நல்ல கறுப்பு. என் முதல் கைப்பேசியில் அவளை ஒரு படம் எடுத்துக் காட்டினேன்.

"இது யாருடி? மாவு மூட்டையில விழுந்து எந்திரிச்சவ மாதிரி இருக்கா!"

உண்மைதான். முகத்தை வெளுப்பாக்கும் வேலையைக் கைப்பேசி தானாகவே செய்திருந்தது. எங்கே என்று தேடி அதை நிறுத்தினேன். அடுத்த படத்தில் அவளை வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தினேன். இந்தத் தடவை முகம் கரிச்சட்டி. பல நாள் கழித்துத்தான் வழி தெரிந்தது. திரையில் முகம் இருக்கும் இடத்தை விரலால் தொட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், அதை மெல்ல மேலே தள்ள வேண்டும். முகம் தெளியும். கறுத்த முகம் படத்தில் கெட்டுப்போனால் அது முகத்தின் குற்றம் இல்லை.

எங்கள் தோட்டம் செமோருக்கு உள்ளே இருந்தது. இப்போது அங்கே ரப்பர் இல்லை, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமும் இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் எண்ணெய்க்கு நட்ட செம்பனை நிற்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். வருஷத்துக்கு ஒருமுறை திருவிழா நடக்கும்போது, எங்கெங்கோ போனவர்கள் காரிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள். பழைய குழாயடி எது, விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்ற களம் எது என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். எல்லாமே ஒரே மாதிரி செம்பனை. ஆனாலும் கை காட்டுவார்கள். எனக்கு அந்தக் காலத்து ரப்பர் காட்டின் காலை வெளிச்சம்தான் ஞாபகம் வரும். அக்கா வாளியோடு அதற்குள்ளிருந்து வரும்போது உடம்பெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக நகரும். கண்ணுக்கு அழகு, படத்துக்கு ஆகாது. மூக்கில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு விழுந்து முகமே மாறிவிடும். மரத்தடியில் எடுத்தால் முழு நிழலில் எடுங்கள். இல்லையென்றால் வெளியே கூட்டிவந்துவிடுங்கள்.

அந்தத் திருவிழாவில் அக்காவோடு இன்னும் இரண்டு பேர் சேருவார்கள். ஒருவர் தாப்பாவில் இருக்கிறார், ஒருவர் ஆயர் தாவாரில். நான் அவர்களை ஊர்ப் பெயரோடுதான் அக்கா என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் மூன்று பேருக்கும் அடுத்தடுத்த நிரைகளில் மரம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்ற இரண்டு பேரும் அவள் மரங்களையும் பங்கு போட்டு வெட்டி முடிப்பார்கள். கல்யாணமாகி ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, திருவிழாவில் பார்த்தால்தான் உண்டு.

இந்த வருஷம் ஆயர் தாவார் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு ஜொகூரில் மகனோடு இருக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. முட்டி வலி வேறு. இனி அவ்வளவு தூரம் பேருந்தில் வந்து போக முடியாது. கேட்டதிலிருந்து என் அக்காவுக்கு ஒரே நினைப்பு. "நாங்க மூணு பேரும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுடி. நல்லா மொகம் தெரியணும்."

பத்து மணிக்கு மேல் வெயில் உச்சியை நோக்கி ஏறிவிடும், கண் இருக்கும் இடம் இரண்டு குழியாகத் தெரியும். அதனால் திருவிழா அன்று மூன்று பேரையும் சீக்கிரமே வரச் சொன்னேன். செம்பனை உச்சிக்கு மேலே சூரியன் அப்போதுதான் ஏறியிருந்தது. இளவெயில். கோயில் கிழக்கைப் பார்த்து இருப்பதால், அதற்கு முன்னால் நின்றால் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். எல்லாம் சரியாக அமைந்தது என்று நினைத்தேன்.

"மூணு பேரா? ஐயோ, வேணாம்லா," என்றார் ஆயர் தாவார் அக்கா.

"என்னா வேணாம்?" என்றாள் என் அக்கா.

"மூணு பேரா நின்னு படம் எடுத்தா நடுவுல நிக்கிறவ முதல்ல போயிடுவா. ஒனக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கம் இது எல்லார் வாயிலும் இருக்கிற பேச்சுதான். ஒவ்வொரு வருஷமும் அவர்கள் படத்தில் நாலாவதாக யாராவது நிற்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் நடுவுல நிக்கிறேன்," என்றார் தாப்பா அக்கா. "சக்கரை, பிரஷர் எல்லாம் என்கிட்டதானே இருக்கு. எப்படியும் நாந்தான் முதல்ல போவேன்."

"வாயைக் கழுவுடி," என்றார் ஆயர் தாவார் அக்கா.

"அப்ப வாசல்ல படுத்திருக்கே, அந்த நாயைக் கூப்பிடு. நாலாச்சு."

"நாய் ஆளா? ஒன் புருஷனைக் கூப்பிடு."

"அவரு வந்தா படம் முழுக்க வயிறுதான் இருக்கும்."

என் அக்கா சிரிக்கவில்லை. "போன வருஷம் ஐஸ்காரன். அதுக்கு முந்தி இவ புருஷன். எல்லாப் படத்துலயும் எவனாச்சும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். எனக்கு நம்ம மூணு பேரு மொகம் மட்டும் வேணும். நீ ஜொகூர் போயிட்டா அப்புறம் எங்க எடுக்கிறது?"

ஆயர் தாவார் அக்கா கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் போற நேரத்துல ஒங்கள்ல ஒருத்திய நடுவுல நிக்க வச்சிட்டுப் போவேனா? அங்க உக்காந்துகிட்டு, போன் அடிக்கிறப்பெல்லாம் பயந்துகிட்டு இருக்கவா?"

 தனித்தனியாக எடுத்துச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். "ஒட்டுப் போட்ட படம் எதுக்குடி?" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயில் வாசலில் பொங்கலுக்குக் கல் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டமும் புகையும் வந்துவிடும்.

"படம் எடுக்கல. சும்மா நில்லுங்க, வெளிச்சம் மட்டும் பாக்கிறேன்," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

நின்றார்கள். நான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியைத் தூக்கினேன். திரையில் என் நிழல் நீளமாக ஓடி அவர்கள் காலடியில் விழுந்திருந்தது. புதிதாக எடுக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை. முகத்தையே பார்ப்பார்கள், கீழே பார்க்க மாட்டார்கள். ஒரு பக்கமாக ஒதுங்கினால் சரியாகிவிடும். நான் ஒதுங்கினேன்.

"ஏய், எங்க போறே?" என்றார் ஆயர் தாவார் அக்கா.

"என் நெழல் விழுதுக்கா. படத்துல வந்துடும்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல்ல நின்ன எடத்துலயே நில்லு."

"அசிங்கமா இருக்கும்க்கா."

"இருக்கட்டும்லா. ஆள் இல்லாம நெழல் வருமா? நீயும் படத்துல இருக்கதானே? அப்ப நாலு பேரு. எடு."

என் அக்கா சந்தேகத்தோடு கேட்டாள். "மொகம்?"

"மொகம் மூணுதான்," என்றேன்.

"அப்ப நடுவுல யாரு?" என்றார் தாப்பா அக்கா.

"நாலு பேருல நடு ஏதுடி? மூடிக்கிட்டு நில்லு."

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் கை ஆடாது. திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்கவில்லை, அப்படிச் செய்தால் முகம் கரைந்த மாதிரி வரும். காலால் நடந்து கிட்டே போனேன். நான் போகப் போக நிழலின் தலை அவர்கள் சேலைமீது ஏறியது. வெயிலில் கண் கூசாமல் இருக்க, நான் சொல்லும்வரை மூடியிருக்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. எண்ணினால் நம் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நிற்பார்கள். அதற்குப் பதில் ஏதாவது கேட்க வேண்டும்.

"கண்ணைத் தொறங்க. உங்க மூணு பேருல யாருக்கா வேகமா வெட்டுவீங்க?"

"நாந்தான்!" என்றது மூன்று வாயும்.

"நீயா? நீ ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவுல ஒரு வெத்தல போடுவியே!"

விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். நிறைய எடுத்தால்தான் ஒன்றாவது தேறும். தேறிய படத்தில் தாப்பா அக்கா வாயைப் பொத்திச் சிரிக்கிறார், ஆயர் தாவார் அக்கா அவர் தோளைப் பிடித்துத் தள்ளுகிறார், என் அக்கா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த வாரம் அக்காவும் நானும் ஈப்போவில் ஒரு படக் கடைக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே கணினித் திரையில் நிழலைக் காட்டி, இதை அழித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று மலாயில் சொன்னார். கணினியின் எலியை நகர்த்தவும் தொடங்கிவிட்டார்.

"ஐயையோ, தொடாதே! ஜாங்கான், தவுக்கே, ஜாங்கான்!"

அக்கா போட்ட சத்தத்தில் அவர் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டார். எதற்கு என்று அவர் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை, வெட்கமாகவும் இருந்தது. அப்படியே வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஆளுக்கு ஒன்றாகச் சட்டம் போட்டு வாங்கினோம்.

ஜொகூர் பேருந்து ஏறும் இடத்தில் ஆயர் தாவார் அக்கா படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். தன் முகத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டு முகங்களையும்தான் வெகு நேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பைக்குள் இரண்டு சேலைகளுக்கு நடுவே செருகி, மேலே துண்டையும் மடித்து வைத்தார்.

"பூசை மேடைக்குப் பக்கத்துல மாட்டாதே," என்றாள் என் அக்கா. "நாம இன்னும் இருக்கோம்."

"ஹால்லதான் மாட்டுவேன்லா. வர்றவங்கல்லாம் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார்.