கதிர்காமத்தில் நின்ற வண்டி

"எங்க இருக்க?" என்று ஒரு மனிதர் ஒரு காலைப்பொழுதில் எத்தனை தடவைதான் கேட்பார்? பஞ்சநாதன் சளைக்காமல் கேட்பார். அவர் மனைவி நிர்மலாதேவி முத்தியால்பேட்டைக் கடையில் இட்லி மாவு பாக்கெட்டுகளை இறக்கிக்கொண்டிருப்பாள், போன் அடிக்கும். லாஸ்பேட்டையைத் தாண்டியிருக்க மாட்டாள், மறுபடி அடிக்கும். எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிக்கும். வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வேறு என்ன வேலை?

கொடுமை என்னவென்றால், அவள் வழி பார்ப்பதும் அதே போனில்தான். வில்லியனூர் பக்கம் எங்கே பார்த்தாலும் புதுப்புது நகர்கள், புதுப்புதுக் கடைகள். மேப் போட்டுக்கொண்டு காரில் போவாள். திரும்ப வேண்டிய இடம் வரும்போது பார்த்து இவர் கூப்பிடுவார். மேப் மறைந்து, மூக்குக் கண்ணாடியும் முறைப்புமாகப் பஞ்சநாதனின் போட்டோ திரை முழுக்க வந்து நிற்கும். அதற்குள் சந்து போயே போய்விடும். ஒருநாள் அப்படித்தான் டவுனுக்குள் ஒன்வேயில் எதிர்த்திசையில் நுழைந்து, டூரிஸ்ட் வேன்காரனிடம் வண்டை வண்டையாகத் திட்டு வாங்கினாள். அவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. எல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மேல்தான்.

நிர்மலாதேவி பிறந்தது குருசுக்குப்பத்தில். அம்மா மீன் விற்றாள். வாக்கப்பட்டது கருவடிக்குப்பத்தில். புருஷனுக்கு வேலை போனதும் ஒரே ஒரு கிரைண்டரை வைத்து மாவு அரைக்க ஆரம்பித்தாள். கொண்டுபோய் விற்க முதலில் கையில் வாளி, பிறகு ஸ்கூட்டர், பிறகு பழைய கார். தலை நரைத்த பிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கியர் போடக் கற்றுக்கொண்டாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலையெல்லாம்" என்று அன்றைக்குக் கேட்டவரும் பஞ்சநாதன்தான். இன்றைக்கு அந்தக் கார் ஓடித்தான் அவருக்குச் சோறு.

ஒன்வே சங்கதிக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். போன் வேண்டாம், வழி சொல்வதற்கென்றே தனி ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டும். கார் சாமான் கடைக்குப் போகலாம் என்று கிளம்பினால், நானும் வருகிறேன் என்று அவர் ஒட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் இப்ப யாரு மேடம் தனியா வாங்குறாங்க? போன்லயே வருமே" என்றான் கடைக்காரன்.

"போன்ல எங்க வூட்டுக்காரரும் வராரு" என்றாள்.

கடைக்காரன் சிரித்தான். பஞ்சநாதன் சிரிக்கவில்லை. அவள் தனக்கு வேண்டியதைச் சொன்னாள். தமிழில் பேச வேண்டும். கண்ணாடி போடாமலே படம் தெரிய வேண்டும். உச்சி வெயிலில் திரை வெளுத்துப்போகக் கூடாது. முக்கியமாக, அதில் ஒரு பயலும் கூப்பிட முடியக் கூடாது. கேட்டதெல்லாம் அவள், கடைக்காரன் பதில் சொன்னதெல்லாம் "சார், சார்" என்று அவரைப் பார்த்து. காசு கொடுக்கப் போகிறவள் யார் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவன் கேட்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே டிராபிக் போலீஸ்காரர் விசில் அடித்தார். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் பஞ்சநாதன் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். உள்ளேயே சிம் போட்டது, மற்றதைவிட விலை கூட. "இதையே வாங்கிக்க, நல்ல ஐட்டம்" என்றார். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிற ஆள்! அப்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மனுஷர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள்.

கருவியில் ஒரு பெண் குரல். டவுன் தெருக்களின் பிரெஞ்சுப் பெயர்களை மட்டும் கடித்துத் துப்பியது. ஒருநாள் வலை காய்கிற சந்துக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டது, பின்னாலேயே எடுத்து வெளியே வருவதற்குள் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஆனாலும் அவளுக்கு அதைப் பிடித்துப்போயிற்று. தப்பாகத் திரும்பினால் அது ஏசவில்லை. ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு அடுத்த வழியைச் சொன்னது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளிடம் யாரும் அப்படிப் பேசியது கிடையாது. பஞ்சநாதன் கூப்பிடுவதும் அடியோடு நின்றுபோயிற்று.

அந்த நிம்மதியில்தான் தங்கை அன்புசெல்வியைக் கூட்டிப்போகத் துணிந்தாள். குருசுக்குப்பத்திலேயே இருக்கிற அன்புசெல்விக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டவுனுக்குப் பக்கத்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முடித்து வெளியே வந்தால் தலை சுற்றும், பஸ்ஸில் நிற்க முடியாது. புருஷன் இல்லை. மகன் வெற்றிச்செல்வன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான், வாரம் இரண்டு நாள் யார் லீவு தருவார்கள்?

வீட்டில் இதைச் சொல்ல வழியில்லை. வெற்றிச்செல்வன் கல்யாணத்துக்குத் தட்டு வைத்து நேரில் அழைக்காமல், வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார்கள். மூத்த மாப்பிள்ளையை இப்படியா அழைப்பது? "அந்த வூட்டுப் படிய இனிமே யாரும் மிதிக்கக் கூடாது" என்று பஞ்சநாதன் சொல்லிவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் பெரியம்மாக்காரி வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அன்புசெல்வியும் ரோஷக்காரி. "என்னால உன் வூட்டுல சண்டை வந்துச்சுன்னா நான் உன் வண்டியில ஏற மாட்டேன்க்கா. அங்க போகவும் மாட்டேன். நடக்குறது நடக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் நிர்மலாதேவி வாயைக் கட்டிக்கொண்டு, புதுக் கடை, புதுக் கடை என்று புளுகிக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி வந்த பஞ்சநாதன் நிதானமாகக் கேட்டார்: "குருசுக்குப்பத்துல இன்னா வேல உனக்கு?"

"யாரு சொன்னா?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். மேப். நீலக் கோடு. அவள் கார் போன வழியெல்லாம், நின்ற இடமெல்லாம், தேதி வாரியாக. "கடைக்காரன் அன்னிக்கே போன்ல போட்டுக் குடுத்துட்டான். ரெண்டு மாசமா பார்த்துட்டுதான் இருக்கேன். நீயா நிறுத்துவன்னு பார்த்தேன். நிறுத்தல."

நிர்மலாதேவிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஆக, இவர் திருந்தவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் காசில், அவள் காரில், அவளுக்கே காவல் போட்டிருக்கிறார். அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இது இன்னா எடம்?"

"கதிர்காமம்."

"கதிர்காமத்துல எங்க?"

"ஆஸ்பத்திரி."

"எவ்ளோ நேரம் நிக்குது வண்டி?"

"நாலு மணி நேரம் நிக்குது. அதுக்கு இன்னா இப்ப? நான் கேட்டது குருசுக்குப்பத்த."

"வாரத்துல ரெண்டு நாள் என் வண்டி ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் நிக்குது. ரெண்டு மாசமா அத பார்த்திருக்கீங்க. யாருக்கு இன்னான்னு ஒரு நாள் கேட்டீங்களா? எனக்குத்தான் எதுனா வந்துடுச்சோன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ தோணுச்சா உங்களுக்கு?"

பஞ்சநாதன் முழித்தார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார், பாவி மனுஷர். பிறகு சொன்னார்: "நீ நல்லாத்தான இருந்த? மாவு அரைச்ச, சோறு ஆக்குன."

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. தங்கைக்கு என்ன வியாதி, எத்தனை மாதமாக, எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டினாள். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று அவர் முனகினார். அவள் போனை அவர் மடியில் போட்டுவிட்டுக் கிரைண்டரைப் போடப் போனாள்.

இரண்டு நாள் அந்த வீட்டில் கிரைண்டர் சத்தம்தான். வெள்ளிக்கிழமை அவள் சாவியோடு வெளியே வந்தபோது, பஞ்சநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அத வேணா கழட்டிடவா?" என்று கார் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த கருவியைக் காட்டினார்.

"கை வைக்காதீங்க. என் காசுல வாங்குனது."

"நானும் வரேன். ஒரு பார்வ பார்த்துட்டு வந்துடுறேன். தப்புதான்."

அவள் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர் பின்கதவைத் திறக்கப் போனார், பூட்டியிருந்தது.

"மாமாவுக்கு எப்பக்கா தெரியும்னு அவ கேப்பா" என்றாள், அவரைப் பார்க்காமல். "ரெண்டு மாசமா தெரியும், ஆஸ்பத்திரியில வண்டி நிக்கிறத வாரா வாரம் பார்த்தாரு, உன் வூட்டுப் படிய நான் மிதிச்சத மட்டும்தான் கேட்டாருன்னு சொல்லட்டுமா? முடியாத ஒடம்போட படுத்திருக்கா. அவகிட்ட நான் அத சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் இன்னா செய்யட்டும்?"

"இத்தினி நாளா வூட்டுல உக்காந்து பார்த்தீங்க இல்ல? இன்னிக்கும் உக்காந்து பாருங்க."

காரை எடுத்தாள். தங்கை வீட்டுக்குப் போக அந்தக் குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது, அவள் திரும்பினாள்.